மூன்றாவது சீட்டுச் சோதனைச் சாவடி

என் சாப்பாட்டு டப்பாவில் அன்றைக்கு என்ன பொரியல் என்பதை எனக்கு முதலில் சொன்னவர் அந்த அம்மாதான். டப்பாவைக் கட்டிக் கொடுத்தவர் என் மாமியார். மத்தியானம் தஞ்சாவூரில், நான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து திறக்கிற வரைக்கும் உள்ளே இருப்பது எனக்கே தெரியாது. காலையில் அவசரமாக ஓடுகிற மருமகள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

அன்று தஞ்சாவூர்ப் பேருந்தில் நிற்கவே இடமில்லை. மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "இதைக் கொஞ்சம் வச்சுக்கறீங்களா?" என்று பையை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்தார். ஜிப்பைத் திறந்தார். டப்பாவின் மூடியை நகத்தால் லேசாகத் தூக்கி, மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"சேப்பங்கிழங்கு" என்றார், எனக்கு மட்டுமல்ல, நாலு சீட்டுக்கும் கேட்கிற மாதிரி. "முறுவலாத்தான் வந்திருக்கு. புளி பத்தலை. சாயங்காலம் தொண்டை அரிக்கும், பாத்துக்க."

சாயங்காலம் அரித்தது.

பேருந்தில் நிற்பவர் உட்கார்ந்திருப்பவரிடம் பையைக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். பெயர் தெரிய வேண்டாம், முகம்கூடத் தெரிய வேண்டாம். வாங்கிக்கொள்கிறவருக்கும் ஒரு முறை இருக்கிறது. பை மடியில் இருக்க வேண்டும், கண் ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். இதில் முதல் பாதியை மட்டும் கற்றுக்கொண்டு பேருந்து ஏறியவர் அந்த அம்மா.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பெருத்த உடம்பு, அதற்கேற்ற மடி. அவருக்கென்று பையே கிடையாது, டிக்கெட் காசுகூட முந்தானை முடிச்சில்தான். மருத்துவக் கல்லூரிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறார் என்று சொல்வார்கள். வலங்கைமானில் வண்டி கிளம்பும்போதே ஏறிவிடுவார். ஜன்னலோரம் காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார், வழிப்பக்கம்தான். ஜன்னல் வழியாக வயல்தான் வரும், வழிப்பக்கமாகத்தானே பை வரும்! நான் நாலு நிறுத்தம் தள்ளி ஏறுவேன். அதற்குள் அவருடைய முகவாய்க்கட்டை வரை பைகள் ஏறியிருக்கும்.

அந்த வண்டியில் தினமும் போகிறவர்கள் அவருக்குச் 'சோதனைச் சாவடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்கிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் கண்டக்டர் வாய் தவறி, "சாவடிம்மா, காலைக் கொஞ்சம் மடக்குங்க" என்றுவிட்டார். அந்த அம்மா காலை மடக்கினார்.

அவருக்கு வெட்கமே கிடையாது. திருட்டுத்தனமும் கிடையாது. ஒளித்துப் பார்க்கிற வேலையே இல்லை, பையின் சொந்தக்காரர் கண்ணெதிரிலேயே திறந்து, உள்ளே இருப்பதைச் சத்தமாக அறிவிப்பார். ஆசிரியர் ஒருவர் விடைத்தாள் கட்டோடு வருவார். "ஏன் சார், போன வாரமும் இதே நூல் போட்டுத்தானே கட்டியிருந்துச்சு? இன்னும் பிரிக்கலியா?" என்றார். சார் அன்றைக்கு நின்றபடியே நாலு தாள் திருத்தினார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த ஒருவரின் பையை வாங்கியதும், "சாமி, முட்டை வாசம் வருதே" என்றார். சாமி அதற்கப்புறம் முந்தின வண்டியில் போக ஆரம்பித்தார். இன்னொருவர் துண்டில் எதையோ சுற்றிப் பைக்குள் வைத்திருந்தார். அந்த அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு மிகுந்த அக்கறையோடு, "யாரும் இடிச்சுடாதீங்க, அண்ணன் பாட்டில் வச்சிருக்காரு, ஒடஞ்சிடப் போவுது" என்றார். அண்ணன் அவர் ஊருக்கு ரெண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டார். இறங்கும்போது பாட்டில் உடையாமல்தான் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஒன்று. எடுக்க மாட்டார். ஒரு பருக்கை, ஒரு முறுக்குத் துண்டு, ஒரு கொய்யாப்பழம் எடுத்ததில்லை. கொடுத்தாலும் வாங்க மாட்டார். ரேஷன் கடையில் வேலை செய்கிற ஒரு பெண் தன் தலைதீபாவளிப் பலகாரத்தில் ஒரு அதிரசத்தைக் கையில் திணிக்கப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். "பாக்கறதோட சரி. அடுத்தவங்க பண்டத்தை நான் தொட்டதில்லை, என் வீட்டுல ஒல கொதிக்காத நாள்லகூடத் தொட்டதில்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மிடுக்கு வரும். மற்ற எதைப் பற்றியும் அவருக்குப் பெருமை இருந்ததாகத் தெரியவில்லை.

இவரிடம் பிறகு எதற்குப் பையைக் கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வேறு யார் வாங்குகிறார்கள்? உட்கார்ந்திருக்கிற எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பை என்றாலே காது கேட்காது. இந்த அம்மா ஒருவர்தான் தானாகக் கையை நீட்டி, "குடுங்க, குடுங்க" என்பார். எத்தனை பை இருந்தாலும் எது யாருடையது என்று குழம்ப மாட்டார். அய்யம்பேட்டையில் இறங்குகிறவர் பை, வண்டி அய்யம்பேட்டைக்குள் நுழையும்போதே அவர் தோளைத் தட்டும். ரசம் கவிழ்ந்ததாக ஒரு புகார் வந்ததில்லை. ஐப்பசி மழையில் ஜன்னல் கதவு இறங்காமல் சாரல் அடித்தபோது, எங்கள் பைகள்மேல் தன் முந்தானையை விரித்துப் போட்டுவிட்டுத் தான் நனைந்துகொண்டு வந்தார்.

எனக்கு அவர்மேல் பயம் வந்தது வேறொரு சம்பவத்தால். ஏதோ தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிற ஒரு மனிதர் தினமும் வருவார். ஒருநாள் அந்த அம்மா அவர் பையைக் கையில் தூக்கிப் பார்த்து, "என்னங்க இது, ரெண்டு வாரமா பையி தக்கையா இருக்கு? கணக்குப் பொட்டி, பைல் ஒண்ணையும் காணும். வேலைக்குத்தானே போறீங்க?" என்றார். அந்த மனிதருக்கு வேலை போயிருந்தது. வீட்டில் சொல்லாமல், காலையில் கிளம்பிப் போய்ச் சிவகங்கைப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் தெருக்காரர் ஒருவர் அதே வண்டியில் இருந்தார். அன்று ராத்திரியே அவர் மனைவிக்குச் சேதி போய்விட்டது. மறுநாள் அவர் வரவில்லை. அந்த அம்மாவிடம், "ஏம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று யாரோ கேட்டார்கள். "நான் என்ன பண்ணினேன்? கனம் கொறஞ்சிருந்துச்சு, கேட்டேன்" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. வாயில் ஒரு சேதியை வைத்துக்கொண்டு விழுங்குவது எப்படி என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டோம். முதல் தடவை எல்லோருக்கும் தெரிந்தே எடுத்தோம். கரு தங்கவில்லை. அதைவிடக் கொடுமை அதற்கு அப்புறம் வந்த பதினைந்து நாள். தெருவே திரண்டு துக்கம் கேட்க வந்தது. ஒவ்வொருவரும் உட்கார்ந்து, காப்பி குடித்து, என் வயிற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள். நான் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது தடவை போவதாக இருந்தால் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கினேன். மாமியாருக்கும் சொல்லவில்லை. அவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு ஒரு தங்கை இருந்தார். நான் சின்னத்தை என்று கூப்பிடுவேன். சின்னத்தைக்குத் தெரிந்தால் கும்பகோணம் வரைக்கும் தெரிந்த மாதிரி.

தினமும் போட வேண்டிய ஊசி மருந்தை ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். அது குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது. பக்கத்து ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் அக்கா இருந்தார், அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, அவரே போட்டுவிடுவதாக ஏற்பாடு. அதுவரை கொண்டுபோய்ச் சேர்க்க, கடைக்கு நான் காப்பி கொண்டுபோகிற அகல வாய் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, மருந்தை அதன் கவரோடு உள்ளே வைத்து மூடிக்கொண்டேன். சாயங்காலம் கரந்தையில் வண்டி ஏறினேன்.

அந்த அம்மா மூன்றாவது சீட்டில் இருந்தார். நான் பையை மாரோடு கட்டிக்கொண்டு, பார்க்காததுபோல முன்னாலேயே நின்றேன். பசுபதிகோயில் வந்தபோது டிரைவர் ஒரு ஆட்டுக்காகப் பிரேக் போட்டார். நான் போய் அந்த அம்மாவின் மேலேயே விழுந்தேன்.

"புள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கிற. குடு இப்படி" என்று பையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் மடியில் ஏற்கெனவே ஐந்தாறு பைகள் இருந்ததால் என்னுடையது வரிசைக்குக் காத்திருந்தது.

அய்யம்பேட்டையில் ஏறியது யார் என்கிறீர்கள்? சின்னத்தை. யாரையோ பார்க்க வந்தவர் ஊருக்குத் திரும்புகிறார். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் ஜன்னலோர சீட்டு காலியானது, அதில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்ததும் ஊர் நலம் உலக நலம் எதுவும் விசாரிக்கவில்லை.

"என்னடி, ஏதாவது விசேஷம் உண்டா?"

"இல்லத்தை."

"டாக்டர் கீக்டர்னு போறீங்களா, இல்ல விட்டாச்சா?"

"இல்லத்தை. இப்ப ஒண்ணும் பாக்கல."

எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டே அந்த அம்மா என் பையின் ஜிப்பைத் திறந்தார். பிளாஸ்க்கைத் தொட்டார். தொட்ட கை நின்றது. சூடாக இருக்க வேண்டியது ஜில்லென்று இருந்தால் அவரால் எப்படி விட முடியும்? மூடியைத் திருகினார். உள்ளே ஐஸும், கண்ணாடிக் குப்பிகளும், சிரிக்கிற குழந்தைப் படம் போட்ட மருத்துவமனைக் கவரும் இருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இத்தனை நாளில் அவர் என் பையைப் பார்த்திருக்கிறாரே தவிர என் முகத்தைப் பார்த்ததில்லை. என் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"என்னங்க இருக்கு அதுல?" என்று சின்னத்தை எட்டிப் பார்த்தார்.

அந்த அம்மா மூடியை மூடினார். "காப்பி" என்றார். சர்க்கரை எப்படி, டிகாஷன் எப்படி என்று ஒன்றும் சொல்லவில்லை. வெறும் காப்பி.

"நல்லதாப் போச்சு. காலையிலேருந்து மண்டை இடி. ஒரு வாய் ஊத்துங்க" என்று சின்னத்தை கையை நீட்டினார். மருமகள் பிளாஸ்க், அவருக்கு என்ன தயக்கம்? பிளாஸ்க்கின் கழுத்தைப் பிடித்தும்விட்டார்.

"நான் வாய் வச்சுக் குடிச்சுட்டேங்க" என்றார் அந்த அம்மா. "எச்சி."

வழக்கமான குரலில்தான் சொன்னார். ஆகவே வண்டி முழுக்கக் கேட்டது. சின்னத்தை சூடு பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டு புடவையில் துடைத்தார். "அடக் கடவுளே. ஊராள் குடுத்து வச்ச காப்பியில வாய் வைப்பாங்களா? என்ன ஜென்மம் இது!" என்றார். என்னைப் பார்த்து, "அந்த பிளாஸ்க்கை வீட்டுக்குள்ள கொண்டு போகாத. புளி போட்டுத் தேய்ச்சாலும் தீட்டுப் போகாது" என்றார். விடைத்தாள் சார் எழுந்துவந்து தன் பையை அந்த அம்மாவின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். ரேஷன் கடைப் பெண் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக எல்லாம் போயின. கடைசியில் என் பை மட்டும் இருந்தது. என் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்து என்னிடம் கொடுத்தார், பிளாஸ்க் நேராக நிற்கும்படி.

மறுநாள் காலை நான் ஏறியபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒன்றுமில்லை. அந்தப் பெரிய மடியில் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தோளில் சுமையோடு கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். சார் என்னிடம், "பாவம்மா நீங்க. பாத்துட்டுத்தானே இருந்தாங்க, கடைசியில கையும் வச்சுட்டாங்க பாருங்க" என்றார். நான் என் பையைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை.

"திறந்து பாருங்களேன்" என்றேன்.

"எதுக்கு" என்றார். வெளியே நடவு நடந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

என் மாமியார் அன்றைக்கு வாழைப்பூ வடை வைத்திருந்தார். மத்தியானம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வடை எனக்கு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஊசி முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வண்டியில் யாரும் ஊசி முடிகிற வரைக்கும் காத்திருக்கவில்லை. காப்பி குடித்தவர் என்பது இரண்டு நாளில் 'கைநீளம்' என்று ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், துணிக்கடைக் கவர்களோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். கல்யாணத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு போகிறவர். பாபநாசத்தில் இறங்க எழுந்தபோது அலறினார். வாங்கிய வெள்ளிக் கொலுசைக் காணோம். பெட்டியோடு காணோம். வண்டியை நிறுத்தினார்கள்.

"பக்கத்துல யாரு உக்காந்திருக்கா பாருங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "காப்பியக் குடிச்ச அம்மாதானே?" என்று இன்னொரு குரல்.

கண்டக்டர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எழுந்து புடவையைக் கொஞ்சம் உதறிட்டீங்கன்னா முடிஞ்சு போச்சு."

அந்த அம்மா எழுந்தார். சண்டை போடவில்லை. அடுத்தவர் பண்டத்தைத் தொட்டதில்லை என்றும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து உதறினார். டிக்கெட் காசு முடிச்சு அவிழ்ந்து கீழே கொட்டியது.

"நிறுத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அந்த பிளாஸ்க்ல காப்பியே இல்லை. அவங்க எதையும் குடிக்கல. குழந்தை உண்டாகறதுக்கு நான் ஊசி போட்டுக்கறேன், அந்த மருந்து இருந்துச்சு. எங்க சின்னத்தைக்குத் தெரியக்கூடாதுன்னு நான் மறைச்சு வச்சிருந்தேன். அதுக்காக அந்தம்மா பொய் சொன்னாங்க. போதுமா?"

டிரைவர் பாட்டை நிறுத்தினார். எங்கள் தெருக் கோடியில் பால் ஊற்றுகிறவர் கடைசி சீட்டிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தார், போனைக் கையில் எடுத்தார். அந்தக் கல்யாண வீட்டுப் பெண் சமையல் கரண்டி வாங்கிய கவருக்குள் கையை விட்டுக் கொலுசுப் பெட்டியை எடுத்தார். "இதுக்குள்ள யாரு வச்சா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சார் குனிந்து, கீழே சிதறிய காசைப் பொறுக்கி அந்த அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா காசை வாங்கி முடிந்துகொண்டார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. வாசலிலேயே அழத் தயாராகத்தான் போனேன். மாமியார் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு மேல் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இட்லி மாவுக்குப் பக்கத்துல வச்சா ஆகாதோ? மாவை வேணா கீழே எறக்கிடறேன்" என்றார். பிறகு, "என்கிட்டகூடச் சொல்லலியே நீ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னத்தை மூன்று தடவை போன் செய்தார், மாமியார் எடுக்கவில்லை. அந்தத் தடவை தங்கியதா என்று கேட்காமல் உங்களால் இருக்க முடியாது, எனக்குத் தெரியும். தங்கியது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

கொலுசு கிடைத்த மறுநாள் காலை வண்டி வந்தது. அந்த அம்மா வழிப்பக்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் முகவாய்க்கட்டை வரை பைகள். வண்டியில் யாரும் என்னை விசாரிக்கவில்லை. ரேஷன் கடைப் பெண் மட்டும் எழுந்து, "உக்காருங்கக்கா" என்றாள். உட்காரவில்லை. நேராக அந்த அம்மாவிடம் போய் என் பையை நீட்டினேன். வாங்கினார். மடியில் இடமில்லாததால் சார் பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, என்னுடையதை வைத்தார். திறந்து பார்க்கவில்லை. கோபமாக இருந்தார். அவரை நான் கோபமாகப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"ஏன் சொன்ன?" என்றார்.

"உங்களை அப்படிப் பேசறாங்களேன்னுதாம்மா…"

"பேசிட்டுப் போறாங்க. உன்னை யாரு கேட்டா?" மூச்சு வாங்கினார். முதல் தடவையாகப் பக்கத்துச் சீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினார். "பொறந்ததுலேருந்து ஒரே ஒரு சேதியைத்தான் வெளியில விடாம வாய்க்குள்ள வச்சிருந்தேன். மூணு நாளு, சோறுகூட எறங்கல எனக்கு. அதையும் நீ சொல்லிப்புட்டியே."